குவெர்செடின் சப்ளிமென்ட்: உடற்பயிற்சி செய்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குவெர்செடின் என்பது என்ன?

வெங்காயம், ஆப்பிள், தேயிலை, கேப்பர் மொட்டு எனப் பல தாவரங்களில் இருக்கும் மஞ்சள் நிறமி. ஃபிளவனாய்டு குடும்பத்தில் ஃபிளவனால் என்ற கிளையைச் சேர்ந்தது. புற ஊதாக் கதிர்களிடமிருந்து தன் திசுக்களைக் காத்துக்கொள்ளத் தாவரம் இதைத் தயாரிக்கிறது. ஓக் மரத்தின் லத்தீன் பெயரான குவெர்க்கஸ் என்பதிலிருந்து இந்தப் பெயர் வந்தது. கடையில் விற்கும் குவெர்செடின் வெங்காயத்திலிருந்து வருவது அபூர்வம். சோஃபோரா ஜப்பானிகா மரத்தின் பூ மொட்டுகளில் ரூட்டின் என்ற பொருள் நிறைய உண்டு. அதை அமிலத்தில் வைத்து, ஒட்டியிருக்கும் சர்க்கரையைப் பிரித்தெடுத்தால் எஞ்சுவது குவெர்செடின். லேபிளில் சோஃபோரா என்ற பெயரைப் பார்த்தால் குழம்ப வேண்டாம்.

சாப்பாட்டிலேயே கிடைக்கிறதே, சப்ளிமென்ட் எதற்கு?

பலருக்குத் தேவையே இல்லை என்பதுதான் நேர்மையான பதில். ஆனால் ஆய்வுகளில் கொடுக்கப்பட்ட அளவைச் சாப்பாட்டில் எட்டுவது கடினம். சிவப்பு வெங்காயத்தில் 100 கிராமுக்குச் சுமார் 30 முதல் 40 மி.கி. இருக்கும். ஆப்பிளில் 4 மி.கி. அளவுதான். விளையாட்டு ஆய்வுகளில் வழக்கமாகத் தரப்படும் தினசரி அளவு 1000 மி.கி. அதில் பாதிக்கே ஒன்றேகால் கிலோவுக்குக் குறையாமல் வெங்காயம் வேண்டும்.

அதற்காக வெங்காயத்தை லேசாக எண்ணிவிடாதீர்கள். 1995-இல் நெதர்லாந்தில், பெருங்குடல் அகற்றப்பட்டவர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. வெங்காயத்தில் இருந்த குவெர்செடினில் சுமார் 52 சதவீதம் உறிஞ்சப்பட்டது. தனிக் குவெர்செடினில் 24 சதவீதம், ரூட்டினில் 17 சதவீதம் மட்டுமே. வெங்காயத்தில் குவெர்செடின் குளுக்கோஸோடு இணைந்தே இருக்கிறது. சிறுகுடல் சுவரில் உள்ள ஒரு நொதி அந்தக் குளுக்கோஸை வெட்டிவிட்டு, மீதியை உள்ளே விடுகிறது. சர்க்கரை நீக்கப்பட்ட தூய பொடிக்கு அந்த வழி கிடையாது.

ஒரு வெங்காயத்தைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். காய்ந்த தோலுக்கு அடுத்தபடியாக, கொஞ்சம் கெட்டியாக, நிறம் அடர்ந்திருக்கும் முதல் சதை அடுக்கை நாம் பெரும்பாலும் தோலோடு சேர்த்து உரித்து எறிந்துவிடுகிறோம். உண்ணும் பகுதியில் குவெர்செடின் அதிகம் இருப்பது அங்கேதான். உள்ளே போகப் போகக் குறைந்துகொண்டே வரும். காய்ந்த தோலை மட்டும் உரியுங்கள். வேகவைத்தால் ஒரு பகுதி தண்ணீரில் இறங்கிவிடும், ஆகவே அந்தத் தண்ணீரையும் கொட்டாதீர்கள்.

விழுங்கிய பிறகு உடலுக்குள் என்ன நடக்கிறது?

இதைப் புரிந்துகொண்டால், இணையத்தில் உலவும் பாதி விளம்பரங்களை நீங்களே தள்ளிவிடலாம்.

குவெர்செடின் தண்ணீரில் கரையாது என்றே சொல்லலாம். ஒரு கேப்சூலைப் பிரித்து டம்ளர் தண்ணீரில் கொட்டினால், மஞ்சள் பொடி மேலே திட்டுத் திட்டாக மிதக்கும், கலக்கினால் சுவரில் ஒட்டும், கொஞ்ச நேரத்தில் அடியில் படியும். நிறம் மட்டும் ஏறும், பொடி அப்படியே கிடக்கும். குடலிலும் ஏறக்குறைய இதே கதைதான். கொழுப்பு உள்ள உணவோடு சேர்ந்து போனால் பித்தநீர் சுரந்து, உறிஞ்சுதல் கணிசமாகக் கூடுகிறது.

குடல் சுவரைத் தாண்டுவதும் அப்படியே தாண்டுவதில்லை. குடல் செல்களும் கல்லீரலும் அதோடு குளுக்குரோனிக் அமிலம், சல்பேட், மெத்தில் தொகுதிகளை ஒட்டிவிடுகின்றன. இரத்தத்தில் சுற்றுவது பெரும்பாலும் இந்த மாற்றுருக்கள்தான். தனிக் குவெர்செடின் காண்பதே அரிது. "சோதனைக்குழாயில் அழற்சியை அடக்கியது", "செல்களில் கொழுப்பைக் குறைத்தது" என்று வரும் செய்திகளில் பெரும்பாலானவை தனிக் குவெர்செடினை 10 முதல் 100 மைக்ரோமோலார் செறிவில் செல்கள் மீது ஊற்றிப் பார்த்தவை. தினமும் 1000 மி.கி. சாப்பிடுபவரின் இரத்தத்தில், மாற்றுருக்களையும் சேர்த்து, பெரும்பாலும் ஒற்றை இலக்க மைக்ரோமோலார் அளவே தேறும். ஆகவே அடிப்படைக் கேள்வி ஒன்றுதான்: மனிதருக்கு வாய்வழியே கொடுத்துப் பார்த்தார்களா?

ஒரு நல்ல செய்தியும் உண்டு. இது உடலைவிட்டு மெதுவாகவே வெளியேறுகிறது. இரத்தத்தில் பாதியாகக் குறைய 11 முதல் 28 மணி நேரம் ஆகும். ஆகவே தினமும் எடுத்தால் சில நாட்களில் அளவு ஏறி ஒரு நிலைக்கு வந்துவிடும்.

டைஹைட்ரேட், ஐசோகுவெர்சிட்ரின், ரூட்டின், ஃபைட்டோசோம்... எதை வாங்குவது?

சந்தையில் அதிகம் கிடைப்பது டைஹைட்ரேட், அதாவது ஒவ்வொரு மூலக்கூறோடும் இரண்டு நீர் மூலக்கூறுகள் சேர்ந்த படிகம். அதன் மூலக்கூறு எடை 338, தனிக் குவெர்செடினுக்கு 302. எனவே "குவெர்செடின் டைஹைட்ரேட் 500 மி.கி." என்று போட்டிருந்தால், உள்ளே உண்மையில் இருப்பது சுமார் 447 மி.கி. குவெர்செடின். இதில் ஏமாற்று எதுவும் இல்லை, ஆனால் இரண்டு பாட்டில்களின் விலையை ஒப்பிடும்போது மறந்துவிடக்கூடாது.

ஐசோகுவெர்சிட்ரின் என்பது குளுக்கோஸ் ஒட்டிய வடிவம், வெங்காயத்தில் இருப்பதற்கு நெருங்கிய உறவு. உறிஞ்சுதல் நன்றாக இருக்கும். ஃபைட்டோசோம் என்பது லெசித்தின் கொழுப்போடு பிணைத்த வடிவம். இதில் மிகக் குறைந்த அளவிலேயே இரத்தத்தில் அதிகம் ஏறுகிறது. 2019-இல் வெளியான ஓர் ஒப்பீட்டில் இரத்த அளவு சாதாரண வடிவத்தைவிட 20 மடங்கு வரை போனது. அதனால்தான் ஃபைட்டோசோம் 250 மி.கி. என்றே விற்கப்படுகிறது. அதை "சிறிய டோஸ்தானே" என்று நான்கு நான்காக விழுங்குவது தவறு. 1000 மி.கி. என்ற கணக்கு சாதாரண வடிவத்துக்கு மட்டுமே பொருந்தும்.

ரூட்டின் பெரும்பாலும் பெருங்குடல்வரை போய், அங்குள்ள பாக்டீரியா சர்க்கரையை வெட்டிய பிறகே உறிஞ்சப்படும். மெதுவானது, ஆளுக்கு ஆள் பெரிதும் மாறக்கூடியது. பயிற்சிக்காக என்றால் ரூட்டின் வேண்டாம்.

எங்கள் பரிந்துரை: சாதாரண டைஹைட்ரேட்டை நல்ல சாப்பாட்டோடு எடுங்கள். ஆய்வுகள் அதிகம் நடந்தது இந்த எளிய வடிவத்தில்தான்.

ஓட்டத்திலும் சைக்கிளிலும் தாக்குப்பிடிக்கும் திறன் கூடுமா?

கூடலாம், ஆனால் கொஞ்சம்தான். அதுவும் பயிற்சிக்குப் புதியவர்களிடம்.

எல்லோரும் மேற்கோள் காட்டும் ஆய்வு 2010-இல் தென் கரோலினா பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. பயிற்சி இல்லாத 12 பேருக்கு 7 நாட்கள், தினம் இருவேளை 500 மி.கி. கொடுத்தார்கள். உச்ச ஆக்சிஜன் பயன்பாடு, அதாவது விஓ2 மேக்ஸ், 3.9 சதவீதம் கூடியது. களைத்து நிறுத்தும்வரை சைக்கிள் மிதித்த நேரம் 13.2 சதவீதம் நீண்டது. இதற்கு முந்தைய ஆண்டு ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில், தடகள வீரர் அல்லாத ஆண்களுக்கு ஏறக்குறைய இதே அளவு கொடுத்துப் பார்த்ததில் எந்த மாற்றமும் தெரியவில்லை. 2011-இல் வெளியான தொகுப்பாய்வு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, சராசரிப் பயன் சுமார் 3 சதவீதம் என்றது. அது புள்ளியியல் கணக்கில் உண்மையானதுதான், ஆனால் அளவில் "மிகச் சிறியது" என்பதற்கும் "சிறியது" என்பதற்கும் இடைப்பட்டது என்பதே ஆய்வாளர்களின் முடிவு. நன்கு பயிற்சி பெற்ற வீரர்களிடம் பெரும்பாலான ஆய்வுகள் பயன் எதையும் காட்டவில்லை.

13 சதவீதம் என்ற எண் ஏன் இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது? சோதனை முறைதான் காரணம். "முடியும்வரை மிதி" என்ற சோதனையில் ஒரே ஆள் எந்தச் சப்ளிமென்ட்டும் இல்லாமலே இருவேறு நாட்களில் 10 சதவீதத்துக்கும் மேல் மாறுபடுவார். சக்தி கொஞ்சம் கூடினாலும் களைப்பு வரும் நேரம் நிறையத் தள்ளிப்போகும். குறிப்பிட்ட தூரத்தைக் குறைந்த நேரத்தில் கடக்கும் சோதனையில் மாறுபாடு சில சதவீதத்துக்குள் அடங்கும், பயனும் அதற்கேற்பச் சிறுத்துத் தெரியும். பந்தயம் என்பது இரண்டாவது வகை. 10 கிலோமீட்டரை 50 நிமிடத்தில் ஓடுபவருக்கு 1 சதவீதம் என்றால் 30 விநாடி. அது சிறியதுதான், ஆனால் சிலருக்கு அந்த 30 விநாடி மதிப்புள்ளது. 13 சதவீதத்தை அப்படியே பந்தயத்துக்கு மாற்றிக் கணக்குப் போட்டால் ஆறரை நிமிடம் வரும். அது எந்தச் சப்ளிமென்ட்டாலும் நடக்காது.

எலிகளில் பிரமாதமாக வேலை செய்ததாமே?

ஆம். 2009-இல் சுண்டெலிகளுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 12.5, 25 மி.கி. என்று 7 நாட்கள் கொடுத்தபோது, தசையிலும் மூளையிலும் செல்லுக்கு ஆற்றல் தரும் உறுப்புகளான மைட்டோகாண்ட்ரியா பெருகியதற்கான அடையாளங்கள் தெரிந்தன. ஓடும் நேரம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடியது. மைட்டோகாண்ட்ரியா உருவாக்கத்தைத் தூண்டும் பிஜிசி-1 ஆல்ஃபா என்ற புரதம் உயர்ந்ததே இதற்கான விளக்கமாகச் சொல்லப்பட்டது.

மனிதருக்கு டோஸ் போதாததால்தான் அந்த அளவு பயன் வரவில்லை என்று சொல்வார்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. சுண்டெலி டோஸை மனித டோஸாக்க 12.3 ஆல் வகுப்பது வழக்கம். 25 மி.கி. என்பது மனிதருக்குக் கிலோவுக்கு 2 மி.கி., 70 கிலோ ஆளுக்கு 140 மி.கி. ஆய்வுகளில் கொடுத்ததோ அதைப்போல் ஏழு மடங்கு. ஆகவே டோஸைக் கூட்டிக்கொண்டே போவதில் பொருளில்லை. கூண்டில் அசையாமல் கிடந்த எலியின் தசைக்கும், வாரம் ஐந்து நாள் ஓடும் மனிதரின் தசைக்கும் தொடக்கப் புள்ளியே வேறு. பயிற்சி ஏற்கெனவே அதே புரதத்தை உயர்த்தி வைத்திருக்கிறது.

தசை வளருமா? கொழுப்பு கரையுமா?

மனிதரில் தசை வளர்ச்சிக்கு நம்பத்தகுந்த சான்று இல்லை. கொழுப்புக் குறைப்பும் அப்படியே. இந்த இரண்டுக்காக யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

மறுநாள் வரும் தசைவலிக்கு உதவுமா?

இங்கே ஆய்வுகள் இரண்டாகப் பிரிகின்றன. 2012-இல் ஓர் ஆய்வு, கையை எடையோடு மெதுவாக இறக்கும் வகைப் பயிற்சிக்கு முன்பும் பின்பும் தினம் 1000 மி.கி. கொடுத்துப் பார்த்தது. வலி, வீக்கம், பலக்குறைவு எதிலும் வித்தியாசமில்லை. 2019-இல் இன்னோர் ஆய்வு அதே 1000 மி.கி.யை 14 நாட்கள் முன்கூட்டியே கொடுத்தது. அதில் பலக்குறைவு குறைந்தது. வேறுபாடுகளில் ஒன்று, முன்கூட்டி எடுத்த நாட்கள்: முதலாவதில் 7, இரண்டாவதில் 14. இரண்டாவதில் பங்கேற்றவர்களோ 12 பேர்தான். முயன்று பார்ப்பதானால், வலி வந்த பிறகு விழுங்குவது வீண். கடினமான வாரத்துக்கு இரண்டு வாரம் முன்பே தொடங்க வேண்டும்.

ஆன்டிஆக்ஸிடன்ட் என்றால் பயிற்சியின் பலனைக் கெடுக்கும் என்கிறார்களே?

நியாயமான கவலை. குவெர்செடினும் ஓர் ஆன்டிஆக்ஸிடன்ட், அதாவது வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகளை அணைக்கும் பொருள். பயிற்சியின்போது தசையில் உண்டாகும் அந்த மூலக்கூறுகள் கெடுதல் மட்டும் செய்வதில்லை, "இன்னும் வலுவாகு" என்று தசைக்குச் செய்தியும் அனுப்புகின்றன. அதை முழுக்க அணைத்தால் செய்தியும் போய்ச்சேராது. 2009-இல் ஒரு ஜெர்மன் ஆய்வில் வைட்டமின் சி 1000 மி.கி.யும் வைட்டமின் ஈயும் தினமும் எடுத்தவர்களிடம், பயிற்சியால் வரவேண்டிய இன்சுலின் உணர்திறன் முன்னேற்றம் தடைபட்டது. குவெர்செடினில் மனிதரிடம் இப்படிக் காட்டப்படவில்லை. ஆனால் 2014-இல் எலிகளிடம், பயிற்சியோடு குவெர்செடினும் கொடுத்தபோது தசையின் தகவமைப்பு மட்டுப்பட்டது.

எனவே இதை ஆண்டு முழுக்க எடுப்பதை நாங்கள் ஆதரிப்பதில்லை. அடித்தளம் கட்டும் மாதங்களில் தசை அந்த அழுத்தத்தை முழுமையாக உணரட்டும். பந்தயத்தை ஒட்டிய வாரங்கள், பயிற்சி முகாம், அடுத்தடுத்த நாட்களில் போட்டி, இப்படி உடலைப் பழக்குவதைவிடத் தாக்குப்பிடிப்பது முக்கியமான கட்டங்களில் மட்டும் எடுங்கள்.

கடும் பயிற்சிக் காலத்தில் சளி பிடிப்பதைத் தடுக்குமா?

குவெர்செடினைப் பற்றிய மனித ஆய்வுகளில் மிகவும் சுவாரசியமானது இது. 2007-இல் அமெரிக்காவின் அப்பலாச்சியன் ஸ்டேட் பல்கலைக்கழகக் குழு 40 சைக்கிள் வீரர்களை எடுத்தது. பாதிப் பேருக்குத் தினம் 1000 மி.கி., மீதிப் பேருக்குப் போலி மாத்திரை. மூன்று வாரம் கழித்து, அடுத்தடுத்த மூன்று நாட்கள், நாளுக்கு மூன்று மணி நேரம் கடுமையாக மிதிக்க வைத்தார்கள். அடுத்த இரு வாரங்களில் போலி மாத்திரைக் குழுவில் 20 பேரில் 9 பேருக்குச் சளி, இருமல், தொண்டைவலி. குவெர்செடின் குழுவில் 20-இல் ஒருவருக்கு மட்டும். ஆனால் இரத்தத்தில் அளந்த நோய் எதிர்ப்புக் குறியீடுகளில் இரு குழுக்களுக்கும் வேறுபாடு இல்லை.

பிறகு 160 கி.மீ. மலையோட்டப் பந்தயத்தில் அதே குழு சோதித்தபோது நோய் விகிதத்தில் வித்தியாசம் வரவில்லை. 2010-இல் 1002 பேரிடம் 12 வாரம் நடந்த பெரிய ஆய்விலும் மொத்தமாகப் பார்த்தால் பயன் இல்லை. 40 வயதைத் தாண்டி, தங்களைக் கட்டுடல் உள்ளவர்களாகக் கருதியவர்களில், 1000 மி.கி. எடுத்தவர்களுக்கு மட்டும் நோயுற்ற நாட்கள் 31 சதவீதம் குறைந்தன. ஒரு பெரிய ஆய்வை இப்படித் துண்டு துண்டாகப் பிரித்துத் தேடினால் ஏதாவது ஒன்று கண்ணில் படத்தான் செய்யும். ஆகவே அதை உறுதியான முடிவாகக் கொள்ளாமல், சாத்தியமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தூக்கத்தைக் குறைத்துக்கொண்டு, பயிற்சியின்போது மாவுச்சத்தும் எடுக்காமல், இதை மட்டும் நம்புவது சரியல்ல.

எவ்வளவு, எப்போது, எத்தனை நாள்?

சாதாரண வடிவத்துக்கு ஆய்வுகளை ஒட்டிய முறை இது.

முதல் மூன்று நாட்கள் 250 மி.கி., மதியச் சாப்பாட்டோடு ஒருமுறை. வயிறும் தலையும் என்ன சொல்கின்றன என்று பார்க்கத்தான். தொல்லை இல்லையென்றால் நான்காம் நாள் முதல் காலை 500, இரவு 500. இரண்டும் கொழுப்பு கொஞ்சமாவது உள்ள சாப்பாட்டோடு. வெறும் வயிற்றில் எடுத்தால் குமட்டல் வர வாய்ப்பு அதிகம், உறிஞ்சுதலும் குறைவு.

போட்டிக்கோ கடின வாரத்துக்கோ குறைந்தது 7 நாள், முடிந்தால் 14 முதல் 21 நாள் முன்பே தொடங்குங்கள். வாரம் முடிந்ததும் நிறுத்திவிடலாம், படிப்படியாகக் குறைக்கத் தேவையில்லை. ஒரு நாள் மறந்தால் மறுநாள் இரட்டிப்பாக எடுக்காதீர்கள். மெதுவாக வெளியேறும் பொருள் என்பதால் ஒரு வேளை தவறினால் பெரிய இழப்பில்லை. தொடர்ந்து 12 வாரத்தைத் தாண்டிப் போக வேண்டாம். இந்த டோஸில் பெரும்பாலான மனித ஆய்வுகள் அதற்குள் முடிந்துவிடுகின்றன.

இரும்புச் சத்து மாத்திரை எடுப்பவர்கள் இரண்டுக்கும் இடையே சில மணி நேரம் விடுங்கள். குவெர்செடின் இரும்பைப் பிடித்துக்கொள்ளும் இயல்புடையது. ஏற்கெனவே ஃபெரிட்டின் (உடலில் உள்ள இரும்பு இருப்பைக் காட்டும் புரதம்) குறைந்திருக்கும் நெடுந்தூர ஓட்டக்காரர்கள், குறிப்பாகப் பெண்கள், முதலில் இரும்பைச் சரிசெய்யட்டும். அதில் கிடைக்கும் முன்னேற்றம் இதைவிடப் பல மடங்கு.

பொடியாக வாங்கினால் மலிவு. எப்படி அளப்பது?

ஸ்பூனால் அளக்கவே கூடாது. பொடியின் நயத்தைப் பொறுத்து ஒரே ஸ்பூன் இரண்டு மடங்கு வரைகூட மாறும். 1 கிராம் துல்லியமுள்ள சமையலறைத் தராசில் 0.5 கிராமை அளக்க முடியாது. 0.01 கிராம் காட்டும் நகைத் தராசு வேண்டும். தட்டை வைத்துப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து, 0.50 வரும்வரை மெதுவாகத் தட்டிப் போடுங்கள். காற்றாடியை அணைத்துவிடுங்கள், பொடி பறக்கும், மூச்சில் ஏறினால் தொண்டை கரகரக்கும். தண்ணீரில் கலக்காமல் முழுக் கொழுப்புத் தயிரிலோ எண்ணெய் சேர்ந்த குழம்பான உணவிலோ குழைத்துச் சாப்பிடலாம். கசக்கும். துணியில் பட்டால் மஞ்சள் கறை.

பேக்கிங் சோடா கலந்த பானத்தில் போடாதீர்கள். காரத்தன்மையில் குவெர்செடின் சிதைந்து பழுப்பாகிவிடும். டப்பாவை ஈரமும் வெளிச்சமும் படாத இடத்தில் வையுங்கள். மஞ்சள் போய்ப் பழுப்பு ஏறிய, கட்டிதட்டிய பொடியைத் தூக்கிப்போடுங்கள்.

காபி மாதிரி, பயிற்சிக்கு ஒரு மணி நேரம் முன்பு எடுத்தால் போதுமா?

போதாது. காஃபீன் மறிக்கும் அடினோசின் ஏற்பிகளைக் குவெர்செடினும் சோதனைக்குழாயில் மறிக்கிறது என்பதால் இந்த எண்ணம் பரவியது. 2009-இல் வெப்பமான அறையில் 2000 மி.கி. ஒரே டோஸாகக் கொடுத்துச் சோதித்தபோது திறனில் எதுவும் கூடவில்லை.

வைட்டமின் சி, புரோமெலைன் சேர்ந்த கலவை நல்லதா?

வைட்டமின் சி, ஆக்சிஜனேற்றம் அடைந்த குவெர்செடினை மீட்டெடுக்கும் என்பது வேதியியலில் சரி. அதனால் திறன் கூடும் என்பது நிறுவப்படவில்லை. மேலே சொன்ன காரணத்தால், 1000 மி.கி. வைட்டமின் சி சேர்ந்த கலவையை பயிற்சிக் காலத்தில் தவிர்ப்பதே மேல். அன்னாசியிலிருந்து எடுக்கும் நொதியான புரோமெலைன் உறிஞ்சுதலைக் கூட்டும் என்பதற்குச் சான்று மெலிது.

இரத்த அழுத்தம், யூரிக் அமிலம் குறையுமா?

உடல்நலப் பயன்களில் ஓரளவு உறுதியானது இரத்த அழுத்தம்தான். 2007 ஆய்வில் தினம் 730 மி.கி. நான்கு வாரம் எடுத்த, முதல் நிலை உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு மேல் எண் 7, கீழ் எண் 5 புள்ளி குறைந்தது. அழுத்தம் எல்லைக்கோட்டில் மட்டும் இருந்தவர்களிடம் குறையவில்லை. 2016 தொகுப்பாய்வில் சராசரிக் குறைவு மேல் எண்ணில் சுமார் 3, கீழ் எண்ணில் 2.6. 500 மி.கி.க்குக் குறைவான டோஸில் தெளிவான பயன் இல்லை.

யூரிக் அமிலம் உண்டாக்கும் நொதியான சாந்தீன் ஆக்சிடேஸைக் குவெர்செடின் மட்டுப்படுத்தும். 2016-இல், யூரிக் அமிலம் சற்று உயர்ந்திருந்த 22 ஆண்களுக்கு 500 மி.கி. நான்கு வாரம் கொடுத்ததில் அளவு மிதமாகக் குறைந்தது. கீல்வாத மருந்துக்கு இது மாற்றல்ல. மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்திவிட்டு இதை எடுப்பது ஆபத்து.

ஒவ்வாமைக்கு?

ஒவ்வாமை அறிகுறிகளை உண்டாக்கும் ஹிஸ்டமின் என்ற பொருளைச் சுரக்கும் செல்களை ஆய்வகத்தில் அமைதிப்படுத்துகிறது. மூச்சுத்திணறல் வரும் ஆஸ்துமாவுக்கு இதை நம்பி இன்ஹேலரை விடக்கூடாது.

வேறு மருந்து எடுக்கிறேன். சேர்த்து எடுக்கலாமா?

இந்தப் பதிலை அவசரமாகத் தாண்டிவிடாதீர்கள். பல மருந்துகளைக் குடலிலிருந்து வெளியே தள்ளும் பம்புகளையும், கல்லீரலில் அவற்றை உடைக்கும் நொதிகளையும் குவெர்செடின் பாதிக்கிறது. விளைவு: அதே மாத்திரை இரத்தத்தில் அதிகமாக ஏறும், அல்லது குறையும்.

ஒவ்வாமை மருந்தான ஃபெக்ஸோஃபெனடினோடு, தினம் மூன்று வேளை 500 மி.கி. குவெர்செடின் ஒரு வாரம் எடுத்தவர்களிடம் அந்த மருந்தின் மொத்த இரத்த அளவு 55 சதவீதம் கூடியது. ஃபெக்ஸோஃபெனடின் என்பதால் பெரிய ஆபத்தில்லை. இதய மருந்தான டிகாக்ஸினோடு பன்றிகளுக்கு அதிக அளவில் கொடுத்த சோதனையில் மூன்றில் இரண்டு இறந்தன. டிகாக்ஸினில் பயன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு.

டிகாக்ஸின், சைக்ளோஸ்போரின் போன்ற உறுப்பு மாற்று மருந்துகள், வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகள், புற்றுநோய் மருந்துகள் எடுப்பவர்கள் தாங்களாக இதைத் தொடங்கவே கூடாது. இரத்த அழுத்த மாத்திரையோ, கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டேட்டினோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் பாட்டிலைக் காட்டி, டோஸையும் சொல்லிக் கேளுங்கள். "மூலிகைதான் எடுக்கிறேன்" என்று பொதுவாகச் சொன்னால் அவரால் சரியான பதில் சொல்ல முடியாது. அறுவைச் சிகிச்சை இருந்தால் முன்கூட்டியே தெரிவியுங்கள்.

பக்கவிளைவுகள் என்ன? யார் எடுக்கக்கூடாது?

தினம் 1000 மி.கி. வரை பெரும்பாலோர்க்குத் தொல்லையில்லை. சிலருக்குத் தலைவலி, குமட்டல், கைகால் விரல்களில் லேசான மதமதப்பு வரலாம். வந்தால் நிறுத்துங்கள், பொதுவாகப் போய்விடும். புற்றுநோய் ஆய்வில் நரம்பு வழியாக மிக அதிக அளவு செலுத்தியபோது சிறுநீரகம் பாதிக்கப்பட்டது. வாய்வழி டோஸோடு அதை ஒப்பிட முடியாது, ஆனாலும் சிறுநீரக நோய் உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும். கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், சிறுவர்களுக்குச் சப்ளிமென்ட் அளவில் பாதுகாப்புத் தரவு இல்லை, வேண்டாம். ஈஸ்ட்ரோஜன் சார்ந்த புற்றுநோய் இருந்தவர்கள் புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது.

மரபணுவைப் பாதிக்கும் என்று படித்தேனே?

பாக்டீரியாவை வைத்துச் செய்யும் ஏம்ஸ் சோதனையில் குவெர்செடின் மரபணு மாற்றம் காட்டியது உண்மை. உயிருள்ள விலங்குகளில் அது உறுதிப்படவில்லை. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1999-இல் இதை "மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குமா என்று வகைப்படுத்த முடியாதது" என்ற மூன்றாம் பிரிவில் வைத்தது.

முதுமையைத் தடுக்கும் சிகிச்சையில் பயன்படுத்துகிறார்களாமே?

முதிர்ந்து செயலிழந்த செல்களை அகற்றும் ஆய்வுகளில் குவெர்செடினோடு டசாடினிப் என்ற இரத்தப் புற்றுநோய் மருந்தும் சேர்த்துக் கொடுக்கப்படுகிறது. மருத்துவமனைக் கண்காணிப்பில், இடைவெளி விட்டு, சில நாட்கள் மட்டும். அதைப் பார்த்து வீட்டில் முயல்வது மிகவும் ஆபத்தானது.

ஊக்கமருந்துச் சோதனையில் சிக்குவேனா?

குவெர்செடின் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் தடைப் பட்டியலில் இல்லை. ஆபத்து கலப்படத்தில் இருக்கிறது. "பயிற்சிக்கு முன்" என்று விற்கும் பல பொருள் கலவைகளில் தடைசெய்யப்பட்ட ஊக்கிகள் கண்டுபிடிக்கப்பட்ட சம்பவங்கள் ஏராளம். சோதனைக்கு உட்படும் வீரர் என்றால் ஒற்றைப் பொருள் மட்டும் உள்ள, இன்ஃபார்ம்டு ஸ்போர்ட் அல்லது என்எஸ்எஃப் சர்டிஃபைட் ஃபார் ஸ்போர்ட் முத்திரை பெற்ற தயாரிப்பை வாங்குங்கள். முத்திரை இருந்தால் மட்டும் போதாது, உங்கள் பாட்டிலின் தொகுதி எண் அவர்கள் இணையப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். பாட்டில் காலியானாலும் தொகுதி எண்ணைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரே ஒரு ஓட்டத்தை வைத்துச் சொல்ல முடியாது. எதிர்பார்க்கும் மாற்றம் 1 முதல் 3 சதவீதம். தூக்கம், வெயில், முந்தைய நாள் சாப்பாடு ஆகியவையே அந்த அளவுக்கு நேரத்தை மாற்றும்.

உண்மையாகவே தெரிய வேண்டுமென்றால் பொறுமை வேண்டும். தூரமோ நேரமோ மாறாத ஒரு சோதனையைத் தேர்ந்தெடுங்கள், 5 கி.மீ. ஓட்டம் அல்லது 20 நிமிட சைக்கிள் சராசரி வாட். சப்ளிமென்ட் இல்லாமல் மூன்று வாரம், வாரம் ஒருமுறை, ஒரே கிழமை, ஒரே நேரம், ஒரே உணவு. அந்த மூன்று எண்களுக்குள் எவ்வளவு மேலே கீழே போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அதுதான் உங்கள் இயல்பான ஆட்டம். பிறகு மூன்று வாரம் குவெர்செடினோடு அதே சோதனை, பிறகு மூன்று வாரம் நிறுத்திவிட்டு மறுபடியும். பயிற்சி அளவை இந்த ஒன்பது வாரமும் மாற்றாதீர்கள். நடுவில் இருக்கும் மூன்று எண்களும் இருபுறமும் உள்ள ஆறைவிடத் தெளிவாக மேலாக இருந்தால் மட்டுமே ஏதோ நடந்திருக்கிறது எனலாம். முதல் கட்டத்திலிருந்து கடைசிக் கட்டம்வரை எண்கள் முன்னேறிக்கொண்டே போனால் அது பயிற்சியின் பலன். மாத்திரை என்று தெரிந்தே விழுங்குவதால் மனமும் கொஞ்சம் ஓட வைக்கும். வீட்டில் ஒருவர் கேப்சூல்களைக் குறியிட்ட இரு டப்பாக்களில் மாற்றித் தந்து, எது எதுவென்று கடைசியில் சொன்னால் இன்னும் நல்லது. போலிக்கு அதே நிறமுள்ள காலிக் கேப்சூலில் அரிசி மாவு நிரப்பினால் போதும். கண்ணாடிபோல் உள்ள கேப்சூல் மட்டும் வேண்டாம், மஞ்சள் காட்டிக்கொடுத்துவிடும்.